விறாந்தையில் படுத்த மாப்பிள்ளை

சொறிக்கல்முனை

ஆறு ஆம்பிளைகள், இரண்டு இரவு, ஒரு வீடு. கல்முனைப் பக்கத்தில் இப்படிக் கேட்டுக்கொண்டு போனால் முதலில் பிளேன்டீ தருவார்கள். பிறகு அடையாள அட்டையைக் கேட்பார்கள். பிறகு, "வீட்டுல கொஞ்சம் வேலை நடக்குது தம்பி" என்பார்கள்.

அவர்களில் குற்றமில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்கு ஐந்து நாள் கழித்து, அந்தத் தாக்குதலை நடத்திய கூட்டத்தில் எஞ்சியவர்கள் ஒளிந்திருந்தது சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில். புதுக்குடியினர் மேல் சந்தேகப்பட்டுக் காட்டிக்கொடுத்தது ஊர் முஸ்லிம் சனம்தான். அன்று இரவு வீட்டுக்குள்ளேயே குண்டை வெடிக்கவைத்தார்கள். சின்னப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு பையோடு வந்து வீடு கேட்கிற இளவட்டங்களை இந்தக் கரை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்க்கிறது.

"உல்லைக்குப் போவம்" என்றான் மாப்பிள்ளை. "அங்க வெளியூரான் எண்டாத்தான் வீடே குடுப்பாங்க."

இந்தப் பேச்செல்லாம் எங்கள் ஊர்த் திருச்சிலுவைக் கோயில் மதிலில் நடந்தது. செப்டெம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது, சென்ற ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரம். திருநாள் வந்தால் இந்த மதிலில் உட்கார இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் ஆடும் நாங்களும்தான். மாப்பிள்ளை கல்முனைக்குடிக்காரன், எனக்கு ஏ.எல். ரியூசன் காலத்துச் சிநேகிதன். அந்த வகுப்பில் ஒரே வாங்கில் நெருக்கியடித்து இருந்த ஐந்து பேர்தான் இந்தப் பயணத்துக்கும் ஆள்: மாப்பிள்ளை, நான், மருதமுனையில் தறி வைத்திருக்கிற நெசவுக்காரன், காரைதீவில் ஒரு வங்கிக் கிளார்க், சம்மாந்துறை வயல்காரன். ஆறாவது ஆள் வேன்கார காக்கா.

பயணத்துக்குப் பெயர் வைத்தது நெசவுக்காரன். 2009-இல் வந்த 'தி ஹேங்ஓவர்' படத்தை அவன் எத்தனை முறை பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி லாஸ் வேகாஸுக்குப் போய், குடித்து, காலையில் மாப்பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிற கதை. "நம்மடதும் பெச்சலர் பார்ட்டிதான்டா" என்றான். எங்கள் கூட்டத்தில் குடிக்கிறவன் என்றால் நான் ஒருத்தன், அதுவும் திருநாளுக்குத் திருநாள்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கலியாணத்துக்கு முன்னால கூடி அழுறதுக்கா வீடு எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, உமியை ஊதினாள்.

கிட்டங்கி, கல்முனை

எங்கள் ஊருக்கும் கல்முனைக்கும் நடுவில் கிட்டங்கித் தாம்போதி. மாரியில் வெள்ளம் இதன் மேலால் பாயும், அப்போது நாங்கள் தீவுக்காரர். ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து, வயலையும் காட்டையும் தாண்டி, அடுப்படிச் சூட்டோடு வருகிற காற்று. தண்ணீர் வற்றி, ஆற்றுவாழை கரையோரம் குவிந்து கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். வலை வட்டமாய் விரிந்து விழுவதைப் பார்க்க மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். இழுத்தபோது இரண்டு யப்பான் மீன், ஒரு பிளாஸ்டிக் போத்தல். மீனைப் பைக்குள் போட்டு, போத்தலைத் திரும்பத் தண்ணீருக்குள்ளேயே எறிந்தார்.

தாம்போதிக்கு இந்தப் பக்கம் வெளி. 1949-இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள், இலக்கத்தைப் பெயராகக் கொண்ட கொலனிகள், கண்ணுக்கெட்டிய மட்டும் வட்டை. அந்தப் பக்கம் போனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் ஊருக்கு மேல் ஊராக நெருக்கிக்கொண்டு கிடக்கிறது கல்முனைக் கரை. ஒரு வீட்டில் கறி தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்துதான் புறப்பாடு. மாப்பிள்ளையின் வீட்டில் எங்களுக்குச் சோறு இருந்தது. மாப்பிள்ளையின் வீடு என்று எழுதிவிட்டேன். அது அவனுடைய தங்கச்சியின் வீடு.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். தமிழருக்கும் அதுதான், முஸ்லிம்களுக்கும் அதுதான். தாய்வழிக் குடிகள் இரண்டு பக்கமும் உண்டு. 1876-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தோடு இங்கே சொத்துக்கு வழங்கிய தாய்வழி முக்குவர் சட்டம் ஏட்டளவில் செத்தது. சனங்கள் அதே சொத்தைச் சீதனம் என்ற பெயரில் பெண்பிள்ளைக்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் வந்திருந்து இதை ஆராய்ந்து, 2008-இல் பெரிய புத்தகமாகவே போட்டார். எங்களுக்குப் புத்தகம் வேண்டியதில்லை. ஒவ்வொரு மகளுக்கும் ஒவ்வொரு வீடு. கட்ட வழியில்லை என்றால் இருக்கிற வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்னால் ஒரு பத்தியை இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். நானும் சொறிக்கல்முனையில் இருப்பது மனைவியின் வீட்டில்தான். என் பெயரில் உள்ளது மோட்டார் சைக்கிள் மட்டும்.

2004 டிசம்பர் 26-இல் மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. கல்முனைக்குடிக் கடற்கரையில், மூத்த ராத்தாவுக்காக வாப்பா கூரை மட்டம் வரை கட்டி வைத்திருந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. இலங்கையிலேயே அதிகச் சாவு அம்பாறை மாவட்டத்தில்தான். அவர்கள் ஆட்கள் தப்பினார்கள். ஆனால் அந்தக் காணி இருந்த இடத்தில் பிறகு கல் வைக்க விடவில்லை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றது அரசாங்கம். வாப்பா அதற்குப் பிறகு தலை தூக்கவில்லை. ஏ.எல். எழுதின கையோடு இவன் கட்டாருக்குப் போனான். ஏழு வருடம் சாரம் கட்டுகிற வேலை. ஒரு வீட்டுக் காசு மூத்த ராத்தாவுக்கு, மற்றது தங்கச்சிக்கு. இரண்டு பெண்களும் வீடேறின பிறகுதான் இவனுக்குப் பெண் பார்த்தார்கள். இப்போது 33.

ஊரில் அவன் படுக்கிற இடம் தங்கச்சி வீட்டு விறாந்தை. வாங்குக்குக் கீழே கட்டார்ச் சூட்கேஸ், கொக்கியில் இரண்டு சேர்ட், சுவரில் சாய்த்து வைத்த பாய். அவ்வளவுதான்.

அவன் உம்மா மாசிச் சம்பல் ஒரு போத்தல், தொதல் ஒரு பெட்டி, இடியப்ப மா இரண்டு கிலோ என்று வேனுக்குள் அடுக்கிக்கொண்டேயிருந்தார். கடைசியில் என் கையைப் பிடித்து, "மகன், அவன் கடல்ல எறங்காமப் பாத்துக்கங்க" என்றார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன், இந்த வயது வரை நீந்தத் தெரியாது. சுனாமியன்று வந்த தடை இன்னும் நீங்கவில்லை.

காரைதீவு முதல் அக்கரைப்பற்று வரை

இந்த ஏ4 வீதியில் ஊர் மாறுவதை ஒலிபெருக்கியில் கேட்கலாம். அஸர் தொழுகைக்கு முன் ஒரு பள்ளிவாசல், நாலு நிமிடத்தில் ஆடி வெள்ளிக்கு ஒரு அம்மன் பாட்டு, திரும்ப ஒரு பள்ளிவாசல். காரைதீவில் கிளார்க் ஏறினான், நெற்றி நிறையத் திருநீறு. சுவாமி விபுலாநந்தர் 1892-இல் பிறந்த ஊர். அவனுடைய பாட்டனாரின் பாட்டனார் அவருக்கு ஏதோ முறை என்று இவன் ரியூசன் காலத்திலேயே சொல்வான். காரைதீவில் யாரைக் கேட்டாலும் ஏதோ ஒரு முறை இருக்கும்.

"இண்டைக்கு நான் மரக்கறி" என்றான் ஏறியதுமே.

"தெரியும்டா. கத்தரிக்கா வாங்கிட்டம்" என்றான் வயல்காரன்.

1990-இல் இந்த வீதியில் இப்படி ஒரு வேன் போயிருக்க முடியாது. அந்த வருடம் தமிழனும் முஸ்லிமும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்கள். ஊருக்கு ஊர் எல்லை விழுந்தது. வேன்கார காக்காவுக்கு அப்போது இருபது வயது. எந்தெந்த மரத்தடியில் எந்தக் காவலரண் இருந்தது என்று ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். கதை எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நிந்தவூர் தாண்டி ஒலுவில். இங்கேயுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995-இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் பாடுபட்டுக் கொண்டுவந்தது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமா, எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். 2013-இல் திறந்த துறைமுகம் மணல் மூடிக் கிடக்க, பக்கத்துக் கரையைக் கடல் அரித்துத் தின்கிறது. ஒரு நல்ல காரியம், ஒரு கெட்ட காரியம், இரண்டும் ஒரே ஊரில்.

அட்டாளைச்சேனை வந்ததும் மாப்பிள்ளை சீற்றுக்கு அடியில் குனிந்துகொண்டான். பெண்ணின் ஊர். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கையில் இப்படிச் சிநேகிதப் பட்டாளத்தோடு சுற்றுவதை மாமனார் கண்டால் என்ன நினைப்பார்? அக்கரைப்பற்றில் எருமைத் தயிர்ச் சட்டி வாங்கும்போதுதான் நிமிர்ந்தான்.

சங்கமன்கண்டி

திருக்கோவிலில் முருகன் கடலைப் பார்த்து இருக்கிறார். அங்கே கிளார்க்குக்காக ஐந்து நிமிடம். பிறகு வீடுகள் குறைந்து, பற்றைக்காடும் யானை வேலியுமாய் வீதி தனித்துவிடுகிறது. கல்முனைக்காரனுக்கு இவ்வளவு வெற்றிடம் கொஞ்சம் பயம். நெசவுக்காரன் ஃபோனை மடக்கி வைத்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தான். சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்குக் கோடி. நாட்டில் வெயில் முதலில் விழுவது இங்கே என்று சொன்னேன். "அப்ப கரண்ட் பில் இவங்களுக்குக் குறைவா இரிக்கும்" என்றார் காக்கா.

உல்லை

அறுகம்பே என்று உலகம் சொல்லும் இடத்தை நாங்கள் உல்லை என்போம். பொத்துவிலிலிருந்து மூன்று கிலோமீற்றர், களப்பின் மேலே ஒரு பாலம். சுனாமியில் அடிபட்டதற்குப் பதிலாக அமெரிக்க உதவியில் கட்டி 2008-இல் திறந்த பாலம் இது. அதைக் கடந்தால் நாடு மாறின மாதிரி. முச்சக்கரவண்டிக் கூரையில் மீனைக் கட்டினாற்போல் சேர்ஃபிங் பலகைகள். அரைக் காற்சட்டையோடு சுடுதாரில் வெறுங்காலோடு நடக்கிற வெள்ளைக்காரர். நம்ம சனம் செருப்பு வாங்க உழைக்கிறது, அவர்கள் கழற்றுவதற்கு இவ்வளவு தூரம் காசு கொடுத்து வருகிறார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலத்தோடு ஹீப்ரு எழுத்தும் பலகைகளில். 2024 ஒக்டோபரில் இங்கே தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்த பிறகு பொலிஸும் ஆமியும் கூடுதலாக நின்றன. எங்கள் வேனையும் நிறுத்தினார்கள். ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். மாசிச் சம்பல் வாசம் அவர் முகத்தில் அடித்தது. "யன்ன, யன்ன" என்று கையைக் காட்டினார்.

வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே, வேப்பமரத்தடியில். கடப்பைத் திறந்துவிட்ட ராத்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக்காரருக்கான சட்டதிட்டங்களை ஆங்கிலத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்களுக்கு வாயாலயே சொல்றன். போத்தல் உள்ளுக்கு வரப்படாது. பண்டி எறச்சி குசினிக்குள்ள வரப்படாது. பத்து மணிக்குப் பொறகு பாட்டு வேணாம், எண்ட சின்ன மகள் படிக்கிறா. மத்தப்படி ஒங்கட ஊடுதான்."

"ஆரு மாப்பிள?" என்று கேட்டு, முன்னறைத் திறப்பை அவன் கையில் கொடுத்தார். ஏசி இருந்தது அந்த அறையில் மட்டும்தான். மாப்பிள்ளை திறப்பை வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான், பூட்டினான், திரும்பத் திறந்தான். உள்ளே போகவில்லை.

சமையல் வயல்காரன் பொறுப்பு. பெருவட்டை அறுவடைக்கு முப்பது பேருக்கு ஆக்கிப் பழகின கை. ஆறு பேருக்கு ஆக்கத் தெரியாது. வெள்ளி இரவு கிளார்க்குக்காக எல்லோருமே மரக்கறி. கத்தரிக்காயை நீட்டாய்க் கீறி, மஞ்சளும் உப்பும் தேய்த்துப் பொரித்து, தேங்காய்ப்பாலில் போட்டு இறக்கினான். ரம்பை இலை போட்ட சோறு. ராத்தாவிடம் பெரிய தட்டு ஒன்று வாங்கி, சோற்றை மலையாய்க் கொட்டி, நடுவில் கறியை ஊற்றி, முஸ்லிம் விருந்தில் சஹனைச் சுற்றி இருப்பதுபோல ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். கிளார்க் ஒரு கணம் தயங்கினான், ஆடி வெள்ளி. பிறகு தன் பக்கத்துச் சோற்றை விரலால் ஒரு வரம்பு கட்டிப் பிரித்தான். வயல்காரன் அந்த வரம்பைப் பார்த்துவிட்டு, "வாய்க்கால் வெட்டட்டா, தண்ணி விடவா?" என்று கேட்டான். வரம்பு உடைந்தது.

சாப்பிட்ட கையோடு பேச்சு பெச்சலர் என்ற சொல்லில் வந்து நின்றது. நெசவுக்காரன் சொன்னான், இது கடைசிச் சுதந்திரமாம், வெள்ளைக்காரன் அப்படித்தான் கொண்டாடுகிறானாம். இங்கிலாந்தில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிளேன் ஏறிப் பிராக் நகரத்துக்குப் போய்க் குடிப்பார்களாம்.

மாப்பிள்ளை சிரித்தான். "கட்டார்ல பெச்சலர் எண்டா ஆரு தெரியுமா? மூணு புள்ளைக்கு வாப்பாவும் பெச்சலர்தான்."

அங்கே குடும்பத்தோடு இருக்கிறவன் ஃபேமிலி, தனியாய் வந்து வேலை செய்கிறவன் பெச்சலர். தொழிலாளர் விடுதிகள் குடும்பங்கள் வாழ்கிற பகுதியில் இருக்கக்கூடாது என்று 2010-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே கேம்ப். ஒரு அறையில் எட்டுப் பேர், மாடிக் கட்டில். அவன் மேல்தட்டு. கீழே படுத்திருந்த நேபாளக்காரருக்கு ஊரில் பேரப்பிள்ளை இருந்தது. வெள்ளிக்கிழமை கடைத்தொகுதிக்குப் போனால் வாசலில், "டுடே ஃபேமிலி ஒன்லி" என்று திருப்பி அனுப்புவார்கள்.

"ஏழு வருசம் பெச்சலர் பார்ட்டிதான் மச்சான் நடந்திச்சு" என்றான். "வாடகை மட்டும்தான் நான் குடுக்கல்ல."

நெசவுக்காரன் அதற்குப் பிறகு படத்தைப் பற்றிப் பேசவில்லை. காக்கா எழுந்து போய் தயிர்ச் சட்டியை எடுத்து வந்தார். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தார், தயிர் அசையவில்லை. அதற்கு மேல் கித்துள் பாணியை ஊற்றும்போது எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். முன்னறைக் கதவு திறந்து கிடந்தது. ஏசி இரைந்தது. கட்டில் விரிப்பில் ஒரு மடிப்புக்கூட இல்லை. ஆளைக் காணோம்.

நெசவுக்காரனைத் தட்டி எழுப்பினேன். அரைத் தூக்கத்தில் அவனுக்கு வந்த ஒரே யோசனை படம். "மொட்ட மாடியப் பாருடா!" என்றான். வெட்கத்தோடு சொல்கிறேன், ஏறிப் பார்த்தோம். அந்தப் படத்தில் மாப்பிள்ளை கூரையில்தான் கிடப்பான். கைபிடியில்லாத படிக்கட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினோம். மேலே கூரையில்லை. இடுப்பளவு எழும்பின கல் சுவர்கள், கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. ஒரு அறை, இன்னொரு அறை, குசினி என்று தரையில் பிரித்துக் கட்டியிருந்தது. சீமெந்து மூடைக்கு மேல் ஒரு பூனை. மாப்பிள்ளை இல்லை.

கடலுக்குப் போயிருப்பானோ என்று வயிறு கலங்கியது. உம்மா பிடித்த கை இன்னும் என் கையில் இருந்தது.

பின்பக்கம் ராத்தாவின் குடும்பம் சீசனுக்கு ஒதுங்கியிருக்கிற தகரப் பத்தி. அதற்கு ஒரு சின்ன விறாந்தை, வரிசையாய்ச் சாய்த்து வைத்த சேர்ஃபிங் பலகைகள். அவற்றுக்குப் பின்னால் பாயை விரித்து, சாரனைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். விரலில் முன்னறைத் திறப்பு.

ராத்தா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். "பன்னெண்டு மணிக்கே வந்திட்டாரு" என்றார். "உள்ளுக்கு நித்திர வரல்லையாம். பாய் குடுத்தன். மறுகா ஒரே தூக்கம்."

பிளேன்டீ கிடைத்தது. மேலே போய் வந்த காலில் சீமெந்து ஒட்டியிருந்ததைக் கண்டுவிட்டார், மறைக்க முடியவில்லை. சிரித்தார். பிறகு, கேட்காமலேயே சொன்னார்: கீழ் வீடு அவருக்கு அவர் வாப்பா கட்டிக் கொடுத்தது. மேல் வீடு மூத்த மகளுக்கு. இந்த வருடம் சுவர், அடுத்த வருடம் பிளேட் போட்டால் முடிந்தது. "சின்னவளுக்கு இன்னும் மூணு சீசன் வேணும்."

சீமெந்து, கல், கம்பி என்று எண்ணுகிற கணக்குகள் கேட்டிருக்கிறேன். வீட்டைச் சீசனால் அளக்கிற கணக்கு இங்கேதான் கேட்டேன். சேர்ஃபிங் காலம் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரில் முடியும். அந்த மாதங்களில் அவர்கள் தங்கள் வீட்டை வெள்ளைக்காரனுக்கு விட்டுவிட்டுப் பத்திக்குள் படுக்கிறார்கள். எங்கோ நோர்வேயிலிருந்து ஒருத்தன் அலையைத் தேடி வர, அந்தக் காசு உல்லையில் ஒரு பிள்ளைக்குச் சுவராய் எழும்புகிறது. அவனுக்கு அது தெரியுமோ என்னவோ.

இதற்குள் மாப்பிள்ளை எழும்பி, பள்ளிவாசலுக்குப் போய் வந்திருந்தான். "ராத்தா, ஆம்பிளப் புள்ள இல்லையா?"

"ரெண்டு இரிக்கி. பெரியவன் டுபாய்ல."

"அவங்களுக்கு ஊடு?"

"ஆம்பிளப் புள்ளைக்கு என்னத்துக்கு ஊடு? போற ஊட்டுல இரிக்கும்."

அப்போது கடற்கரையிலிருந்து கணவாய்ப் பையோடு வந்த ராத்தாவின் கணவரும் அதைக் கேட்டார். மனைவியைப் பார்த்து, "நான் முப்பது வருசமா விருந்தாளி" என்றார். கணவாயை வாளிக்குள் கொட்டினார், தண்ணீர் கறுத்தது.

அன்று பகல் பேபி பொயின்ட் என்ற இடத்தில், தொடக்கக்காரர் பழகும் சின்ன அலையில், ஒரு பொத்துவில் பொடியன் மாப்பிள்ளையைப் பலகையில் ஏற்றினான். உம்மாவிடம் கொடுத்த வாக்கை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்றால், இடுப்பளவு தண்ணீரில் அவன் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொடியனுக்குப் பதினாறு வயதிருக்கும், நாலு மொழியில் "எழும்பு" என்று கத்தத் தெரியும். மாப்பிள்ளை பதினொரு தரம் விழுந்தான். பன்னிரண்டாம் தரம் முழங்காலில் நின்றபடி கரை வரைக்கும் வந்தான். ஒரு ஜெர்மன்காரி கை தட்டினாள். அவன் உடனே இறங்கி, சாரனைத் தேடினான்.

இரவு கணவாய்க் கறியும் இடியப்பமும். உம்மா தந்த மாவை வயல்காரன் கூடக் குழைத்துவிட்டான். உரலிலிருந்து இடியப்பம் விழாமல் தொங்கிக்கொண்டே இருந்தது, வெட்டிச் சாப்பிட்டோம்.

படுக்கப் போகும்போது மாப்பிள்ளை திறப்பை என்னிடம் நீட்டினான். நானும் முன்னறையில் படுக்கவில்லை. கடைசியில் ஏசி அறையில் படுத்தவர் வேன்கார காக்கா. நல்ல தூக்கம் என்றார்.

பாணமை, உகந்தை

ஞாயிறு விடிய, கிளார்க்கின் வேண்டுதலுக்காகத் தெற்கே. பாணமையில் சிங்களமும் தமிழும் கலந்து கலியாணம் முடித்த பரம்பரைகள். ஒரு தேநீர்க் கடையில் கிழவி ஒருத்தி, சிங்களத்தில் தொடங்கிய வசனத்தைத் தமிழில் முடித்தாள். வழியில் நாலு யானை, ஒன்று குட்டி. காக்கா எஞ்சினை நிறுத்திவிட்டு மூச்சையும் நிறுத்தினார்.

உகந்தை முருகன் கோயில் பாறைக்கும் கடலுக்கும் நடுவில். வள்ளியும் முருகனும் கல்தோணியில் வந்து இறங்கினதாய்க் கதை. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர் இங்கே தங்கி, குமணக் காட்டுப் பாதை திறந்ததும் உள்ளே போவார்கள். அந்தக் கூட்டம் போய்விட்டது. மரத்தடிகளில் அடுப்புக் கற்கள் மட்டும் கிடந்தன, மூன்று மூன்றாய். கிளார்க் கும்பிட்டுவிட்டு வந்து எல்லோர் கையிலும் திருநீறு வைத்தான். நெசவுக்காரன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பொத்திக்கொண்டே வேன் வரை வந்தான். மாப்பிள்ளை அந்த அடுப்புக் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றான். "இவங்களும் பெச்சலர்தான்" என்றான்.

அட்டாளைச்சேனை

திரும்பும்போது ராத்தா தன் பங்குக்கு ஒரு கருவாட்டுப் பார்சலை மாப்பிள்ளையிடம் தந்தார். பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னார். வாடகையில் ஒரு சிறு தொகையைத் திருப்பியும் தந்தார், முன்னறையை மாப்பிள்ளை பாவிக்கவில்லை என்று. காக்கா பாவித்ததை யாரும் சொல்லவில்லை.

மாலை வெயில் சாயும் நேரம் அட்டாளைச்சேனை. மாப்பிள்ளை வழக்கம்போலக் குனிந்தான். ஆனால் இந்த முறை காக்கா வேகத்தைக் குறைத்தார். பெண்வீடு எந்த ஒழுங்கை என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கேட்காமல் திருப்பிவிட்டார்.

"காக்கா! காக்கா! வேணாம்!"

"சும்மா கிட. நான் ஹயர் போறன்."

வளவு வாசலில் மணலும் கல்லும் குவிந்திருந்தன. முன்சுவரில் மூங்கில் சாரம், அதன் மேல் ஒரு பெயின்டர். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் மாமனாராகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன். சவூதியிலிருந்து இந்த வீட்டுக்காகவே வந்திருக்கிற பெண்ணின் நானா அவன்தான் என்று நெசவுக்காரன் காதில் சொன்னான். அவனுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. எங்கள் வேனைப் பார்த்துத் தலையை ஆட்டினான், யாரோ வழி தெரியாத ஆட்கள் என்று நினைத்திருப்பான்.

சீற்றுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "சாரம் கட்டியிருக்கா?"

"ஓம்."

"எப்பிடி? மூங்கிலா, பைப்பா?"

"மூங்கில்."

"நேரா நிக்கிதா?"

வயல்காரன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "இல்லடா. கொஞ்சம் தெற்கால சாஞ்சிரிக்கி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. காக்கா வேனை மெல்ல உருட்டினார்.

"என்ன பெயின்ட்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாதிச் சுவர் கடல் பச்சை, மீதியில் இன்னும் வெள்ளைப் பூச்சு. ஜன்னலைச் சுற்றி மட்டும் ஒரு ஊதா.

"பச்ச" என்றேன்.

"முழுக்கவா?"

"ஜன்னலுக்கு ஊதா."

"ஊதாவா?" என்று தலை ஒரு கணம் மேலே வந்தது. மாமனார் திரும்பினார். தலை மறுபடி கீழே போனது.